ஏட்டுப் பிழையும் கிருமியின் கால்வழியும்: நச்சுணவு நோயின் மூலத்தைத் தேடிய வரலாறு

1. ஒரு சமையற்காரரின் பெயர்

நான் தொடக்கப்பள்ளி மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு திருமணம் நடைபெற்றது. விருந்து முடிந்த மறுநாள் லயத்து வீடுகளில் வீட்டுக்கு இருவர் மூவர் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகப் படுத்தனர். தோட்ட மருந்தகத்து டிரெஸர் வீடுவீடாகச் சென்று மருந்து கொடுத்தார். நான்கைந்து நாளில் எல்லாரும் எழுந்து நடமாடினர். சமைத்தவரின் பெயர் மட்டும் எழவில்லை.

அவர் வைத்த தயிர்ச்சோறு கெட்டிருந்தது என்றார் ஒருவர். கோழிக்கறிதான் காரணம் என்றார் மற்றொருவர். பட்டணத்திலிருந்து வாங்கிவந்த பலகாரமும் அன்று இலையில் இருந்தது. பந்தலுக்குப் பின்னால் தொட்டியில் நிரப்பிய குடிநீரும் இருந்தது. அவற்றை யாரும் ஐயுறவில்லை. அதன்பின் எந்த விசேடத்துக்கும் அவரை அழைத்ததாக எனக்கு நினைவில்லை. ஓராண்டுக்குள் அவர் குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர்மீது குற்றம் உண்டா இல்லையா என்பதை அறிய அன்று எங்களிடம் வழியும் இல்லை. அறிய வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இத்தகைய நிகழ்வைக் குறிக்க 'நச்சுணவு' என்னும் சொல் வழங்குகின்றது. சுருக்கமான, நல்ல தமிழ்த் தொகைச்சொல். ஆயினும் அச்சொல் உணவையே நஞ்சாக்கி, அதை ஆக்கியவரின் பக்கம் விரலை நீட்டிவிடுகின்றது. பெரும்பாலான நிகழ்வுகளில் உணவு நஞ்சன்று. அதில் ஏறிவந்த நுண்ணுயிரே நோய்க்குக் காரணம். அந்த நுண்ணுயிர் பண்ணையில் ஏறியிருக்கலாம், ஆலையில் ஏறியிருக்கலாம், விற்பனைக் கடையில் ஏறியிருக்கலாம், அடுக்களையிலும் ஏறியிருக்கலாம். எங்கே ஏறியது என்பதே வினா. அவ்வினாவுக்கு விடை தேடிய நூற்றெழுபது ஆண்டு வரலாற்றை இவ்வுரையில் சுருக்கிச் சொல்ல விழைகின்றேன்.

மொழியியல் பயின்றவனுக்கு இதில் என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கலாம். அவ்விடையை எட்டுவதற்கு அறிவியலாளர் இன்று கையாளும் முறை, சுவடி ஆய்வாளரும் ஒப்பியல் மொழிநூலாரும் நெடுங்காலமாகக் கையாண்ட முறைக்கு உடன்பிறப்பு. ஆகவே நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

2. பிழை காட்டும் உறவு

உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர்முன் இருந்தவை மூலநூலாசிரியர் கைப்பட எழுதிய ஏடுகள் அல்ல. படியின் படியைப் பார்த்துப் பிற்காலத்தார் எழுதிய படிகளே இருந்தன. படியெடுப்பவர் ஓர் எழுத்தை மாற்றுவார். ஓர் அடியை விடுவார். அவர் ஏட்டைப் பார்த்து எழுதுபவர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவார். தம் பங்குக்கு வேறொரு பிழையையும் கூட்டுவார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஏடுகள் ஒரே சரியான பாடத்தைக் காட்டினால் அவற்றிடையே நெருங்கிய உறவு உண்டென்று சொல்ல இயலாது. இரண்டும் மூலத்தை வெவ்வேறு வழியாகக் காத்து வந்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் காட்டினால், அதுவும் ஒன்றன்று, பல பிழைகளைக் காட்டினால், அவை ஒரே தாயேட்டிலிருந்து இறங்கியவை என்று துணியலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பதிப்புமுறையின் அடிப்படை இதுவே.

மொழிகளின் உறவை ஆய்ந்தவரும் இதே பாதையில் நடந்தனர். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஷ்லைகர் மொழிக்குடும்பங்களை மரமாக வரைந்து காட்டினார். 1859இல் வெளிவந்த டார்வினின் நூலில் இருந்த ஒரே படம் உயிரினங்கள் கிளைத்துச் செல்லும் மரவடிவப் படமாகும். ஏடு, மொழி, உயிர் ஆகிய மூன்றும் ஒரே பண்புடையவை: படியெடுக்கப்படுகின்றன, படியெடுக்கையில் சிறிது மாறுகின்றன, அம்மாற்றத்தைப் பின்வரும் படிகளுக்கும் தருகின்றன.

இவ்வுறவு வெறும் உவமையன்று. 1998இல் ஆங்கிலப் புலவர் சாசரின் கேன்டர்பரி கதைகளுள் ஒரு பகுதிக்குக் கிடைத்த 58 கையெழுத்துப் படிகளை, உயிரினங்களின் கால்வழியை வரையப் பயன்படும் கணினி நிரல்களைக்கொண்டே ஆய்ந்து, முடிவை 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்டனர். உயிரியலார் கருவி சுவடிக்குப் பயன்பட்டது. இனி, சுவடியியலின் அறிவு கிருமிக்கு எவ்வாறு பொருந்துகின்றது என்று காண்போம்.

3. வரைபடத்திலிருந்து பெயருக்கு

1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தனர் என்று வீடுவீடாகக் கேட்டார். பிராட் தெருவிலிருந்த கைப்பம்பு ஒன்றே பெரும்பாலோரை இணைத்தது. அக்கிருமியைக் கோக் அறிவியல் உலகுக்கு எடுத்துக்காட்டும் முன்னரே, அதன் வழியை ஸ்நோ கண்டுவிட்டார். அவரிடம் இருந்தது கேள்வி கேட்கும் முறை ஒன்றுதான். இதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது மீண்டும் வரும்.

கிருமிகளைத் தனியே வளர்க்கக் கற்றபின் அவற்றுக்குப் பெயரிடும் வேலை தொடங்கியது. சால்மோனெல்லாவை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பிலுள்ள பொருள்கள் ஊநீரோடு வினைபுரியும் விதத்தை வைத்து 2,500-க்கும் மேற்பட்ட வகைகளாக அதனைப் பிரித்துள்ளனர். பல வகைகளுக்கு முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட ஊரின் பெயரே இடப்பட்டது. டப்ளின் உண்டு, மான்டிவிடியோ உண்டு, சிங்கப்பூர் என்ற பெயரிலும் ஒரு வகை உண்டு. நம் வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகைக்கு 'வெல்டெவ்ரெடன்' என்று பெயர். அது டச்சுக்காரர் காலத்துப் பத்தாவியாவின் ஒரு பகுதி. இன்றைய ஜகார்த்தாவின் நடுவே உள்ளது. டச்சு மொழியில் அச்சொல்லுக்கு 'நன்கு மனநிறைவுற்றது' என்று பொருள். வயிற்றுப்போக்குக் கிருமிக்கு வாய்த்த பெயர்களுள் இதனினும் முரணானதை நான் அறியேன்.

பெயர் மட்டும் போதுமா? போதாது. இருவரைத் தாக்கியது ஒரே வகைச் சால்மோனெல்லா என்பது, இருவர் பெயரும் முருகன் என்பது போன்றது. அவர்கள் ஒரே வீட்டாரா என்பதை அது சொல்லாது.

4. கைரேகைக் காலம்

1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கரை உண்ட எழுநூறுக்கும் மேற்பட்டோர் ஈ.கோலி ஓ157 என்னும் கிருமியால் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தன. அந்நிகழ்வில் ஒரு புதுமுறை பயன்பட்டது. கிருமியின் டிஎன்ஏ இழையைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, அத்துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டால், நீளத்துக்கேற்ப அவை வரிவரியாகப் பிரிந்து நிற்கும். அவ்வரிகள் கடைச் சரக்கின் மேலுள்ள பட்டைக் குறியீடு போலத் தோன்றும். நோயாளியிடம் கிடைத்த கிருமியின் வரிகளும் இறைச்சியில் கிடைத்த கிருமியின் வரிகளும் ஒத்திருந்தன.

இப்பட்டறிவிலிருந்து 1996இல் 'பல்ஸ்நெட்' என்னும் ஆய்வகக் கூட்டமைப்பு அமெரிக்காவில் உருவாயிற்று. ஓர் ஆய்வகம் எடுத்த வரிப்படத்தை மற்றோர் ஆய்வகம் ஒப்பிட முடிந்தது. பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த நோயாளிகளை ஒரே நிகழ்வாக முதன்முறையாகச் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

ஆயினும் இது நூலின் உள்ளே படிக்காமல் அதிகாரங்களின் நீளத்தை மட்டும் அளந்து இரண்டு படிகளை ஒப்பிடுவதைப் போன்றதே. அதிகார நீளம் ஒத்திருக்கும் இரண்டு படிகளின் உள்ளே நூறு பாடபேதங்கள் இருக்கலாம். சில கிருமி வகைகளில் வெவ்வேறு இடத்தில் தோன்றியவையும் ஒரே வரிப்படத்தைக் காட்டின.

5. எழுத்தெழுத்தாகப் படித்தல்

1977இல் பிரெடெரிக் சேங்கர் டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறையை வெளியிட்டார். தனித்து வாழும் ஓர் உயிரின் முழு மரபணுத்தொகுதி முதன்முதலாகப் படிக்கப்பட்டது 1995இல்; அவ்வுயிர் ஹீமோபிலஸ் இன்புளுயன்சே என்னும் பாக்டீரியா. அதன் நீளம் ஏறத்தாழ 1.83 மில்லியன் எழுத்துகள். அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கருவிகள் விரைவுபெற்றன; செலவு வெகுவாகக் குறைந்தது. இன்று ஒரு பொதுச் சுகாதார ஆய்வகம் சில நாளில் பல கிருமிகளின் முழு எழுத்தையும் படித்துவிடுகின்றது.

படிக்கும் முறையை எளிமையாகச் சொல்கின்றேன். நோயாளியின் மலத்திலிருந்தோ குருதியிலிருந்தோ கிருமியைப் பிரித்து வளர்ப்பர். அதன் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துச் சிறுசிறு துண்டுகளாக்குவர். கருவி ஒவ்வொரு துண்டையும் படிக்கும். ஒரே இடம் பல துண்டுகளில் மீண்டும் மீண்டும் படிக்கப்படுவதால் கருவியின் பிழையை நீக்கலாம். பின்னர்க் கணினி அத்துண்டுகளை முன்பே அறிந்த ஒரு மரபணுத்தொகுதியோடு பொருத்தி, எந்தெந்த இடத்தில் எழுத்து வேறுபடுகின்றது என்று பட்டியலிடும். ஏ, சி, ஜி, டி என நான்கே எழுத்துகளைக் கொண்ட நூலுக்குப் பாடபேதப் பட்டியல் அணியமாகிவிடும்.

சால்மோனெல்லாவின் நூல் ஏறத்தாழ 4.8 மில்லியன் எழுத்துடையது. ஒரு கால்வழியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு எழுத்துகளே மாறி நிலைபெறுகின்றன. ஆகவே இரு நோயாளிகளின் கிருமிகள் ஒன்றிரண்டு எழுத்தில் மட்டும் வேறுபட்டால், அவை அண்மையில் ஒரே தாய்க்கிருமியிலிருந்து பிரிந்தவை எனக் கொள்ள இடமுண்டு. நூறு எழுத்து வேறுபட்டால், வகைப்பெயர் ஒன்றாயினும் உறவு தொலைவானது. முன்னர்ச் சொன்ன இரண்டு முருகன்களும் ஒரே வீட்டாரா என்பதற்கு இப்போது சான்று கிடைக்கின்றது.

2013ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அமைப்புகள் நோயாளிகளிடமும் உணவிலும் கிடைக்கும் லிஸ்டீரியா கிருமிகள் அனைத்தையும் இம்முறையில் படிக்கத் தொடங்கின. லிஸ்டீரியாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அது குளிர்ப்பெட்டியின் தட்பத்திலும் வளரும். கருவுற்ற பெண்களையும் பச்சிளங் குழந்தைகளையும் முதியோரையும் கடுமையாகத் தாக்கும். உண்டபின் எழுபது நாள் வரையிலும் நோய் வெளிப்படாதிருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் என்ன உண்டீர்கள் என்று கேட்டால் யாரால் விடை கூற முடியும்?

2015இல் தென் கரோலினா மாநிலத்தில் வழக்கமான மாதிரிச் சோதனையின்போது ஒரு பனிக்கூழில் லிஸ்டீரியா காணப்பட்டது. அதன் கால்வழியைச் சேமிப்பிலிருந்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது, நான்கு மாநிலங்களில் 2010 முதல் நோயுற்ற பத்துப்பேர் ஒரே தொடரில் வந்து சேர்ந்தனர்; அவர்களுள் மூவர் இறந்திருந்தனர். ஐந்தாண்டு இடைவெளியில் பத்துப்பேர் என்பது எந்த மருத்துவர் கண்ணுக்கும் நோய்ப்பரவலாகத் தோன்றாது. பழைய பதிவுகள் காக்கப்பட்டிருந்தமையால்தான் அது தெரிந்தது. பல்ஸ்நெட் அமைப்பு 2019இல் வரிப்படத்தை விடுத்து முழுமையாக எழுத்துமுறைக்கு மாறியது.

6. வெள்ளரிக்காய் மீது விழுந்த பழி

எழுத்தைப் படித்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணுவோர்க்கு 2011ஆம் ஆண்டு ஜெர்மனி ஒரு பாடம். அவ்வாண்டு மே மாதத்தில் ஈ.கோலி ஓ104 என்னும் கிருமி வட ஜெர்மனியில் பரவியது. ஜெர்மனியில் 3,816 பேர் நோயுற்றனர்; 845 பேருக்குச் சிறுநீரகம் தாக்குண்டது; 54 பேர் இறந்தனர். மே 26ஆம் நாள் ஹாம்பர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைச் சுட்டினர். அதில் கிருமி இருந்தது உண்மை. ஆனால் அது நோயாளிகளைத் தாக்கிய கிருமியன்று என்று சில நாளில் தெரிந்தது. அதற்குள் ஸ்பானிய உழவர் விளைத்த காய்கறி வயலிலும் கிடங்கிலும் அழுகிற்று. ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்துக் காய்கறிகளுக்குத் தடை விதித்தது. எங்கள் தோட்டத்துச் சமையற்காரருக்கு நேர்ந்தது இங்கே ஒரு நாட்டு உழவர்க்கே நேர்ந்தது.

கிருமியின் மரபணுத்தொகுதி ஜூன் மாதத் தொடக்கத்திலேயே படிக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டது. பல நாட்டு அறிஞர் உடனே அதை ஆய்ந்தனர். அது நச்சுப்பொருளை ஆக்கும் மரபணுவை வேறிடத்திலிருந்து பெற்றுக்கொண்ட கலப்புக் கிருமி என்பது புலனாயிற்று. ஆனால் எந்த உணவில் வந்தது என்பதை அந்நூல் சொல்லவில்லை. ஒப்பிடுவதற்கு உணவிலிருந்து எடுத்த கிருமி கையில் இல்லாதபோது அது எப்படிச் சொல்லும்?

விடை வேறு வழியில் வந்தது. ஓர் உணவகத்தில் உண்ட பத்துக் குழுவினர், மொத்தம் 152 பேர், என்னென்ன கேட்டு வாங்கினர் என்பதை ஆய்வாளர் பட்டியலிட்டனர். பின்னர் உண்டவரின் நினைவை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்னென்ன சேர்த்தீர்கள் என்று சமையற்காரரைக் கேட்டனர். நோயுற்றோர் அனைவர் தட்டிலும் முளைவிட்ட விதைகள் தூவப்பட்டிருந்தன. அலங்காரமாகத் தூவிய முளையைப் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கவில்லை. தூவிய சமையற்காரர் வைத்திருந்தார். ஜூன் 10ஆம் நாள் முளைகளே காரணம் என்று அறிவிக்கப்பட்டது. பிரான்சில் தோன்றிய மற்றொரு சிறு நிகழ்வையும் சேர்த்து ஆய்ந்தபோது, எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையே பொதுமூலமாக இருக்கக்கூடும் என்று ஐரோப்பிய ஆய்வாளர் முடிவுகட்டினர்.

ஒருவரைப் பழியிலிருந்து விடுவிப்பதும் கிருமிகளை ஒப்பிடுவதன் பயன் என்பதை வெள்ளரிக்காய் காட்டுகின்றது. கேள்வி கேட்கும் ஸ்நோவின் முறை இன்றும் தேவை என்பதை வெந்தய முளை காட்டுகின்றது.

7. குளிர்ப்பெட்டியில் இருந்த விடை

இரண்டும் சேர்ந்து இயங்கியதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. 2017, 2018ஆம் ஆண்டுகளில் அங்கே 1,060 பேர் லிஸ்டீரியாவால் தாக்குண்டனர். 216 பேர் இறந்தனர். உலகில் பதிவான லிஸ்டீரியா நோய்ப்பரவல்களுள் இதுவே பெரியது என உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைப் படித்தபோது மிகப் பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஆகவே பரவலாக விற்கப்படும் ஓர் உணவே காரணமாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் ஊகித்தனர். எந்த உணவு என்பதுதான் தெரியவில்லை.

2018 ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு மழலையர் காப்பகத்துக் குழந்தைகள் சிலர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தனர். மருத்துவர் ஐயுற்றுத் தகவல் கொடுத்தார். அலுவலர் காப்பகத்துக்குச் சென்று குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தனர். 'போலோனி' என்னும் பதப்படுத்திய இறைச்சி இருந்தது. அதில் லிஸ்டீரியா இருந்தது. அங்கிருந்து அதை ஆக்கிய ஆலைக்குச் சென்றனர். ஆலையில் கிடைத்த கிருமியின் எழுத்தும் நோயாளிகளுடைய கிருமியின் எழுத்தும் ஒன்றிநின்றன. மார்ச் 4ஆம் நாள் அமைச்சர் செய்தியை அறிவித்தார். பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. அதன்பின் நோயுற்றோர் தொகை விரைந்து குறைந்தது.

இங்கே கருத வேண்டியது ஒன்று உண்டு. போலோனி விலை மலிந்த உணவு. குழந்தைகளின் ரொட்டிக்கு இடையே வைக்கப்படுவது. இறந்தோருள் பச்சிளங் குழந்தைகள் பலர். தாய் எதை உண்டதால் குழந்தை மாண்டது என்ற வினா, விடையின்றி நின்றால், அத்தாயின் மனத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். ஆலையில் எடுத்த மாதிரி அவளை அக்கூண்டிலிருந்து இறக்கிவிட்டது.

8. நம் உணவங்காடியில்

2015இல் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் ஒரு புதுமை காணப்பட்டது. 'பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்னும் பாக்டீரியா பொதுவாகப் பிறந்த குழந்தைகளையும் உடல் நலிந்த முதியோரையும் தாக்கும். அவ்வாண்டில் வேறு நோயில்லாத பெரியவர் பலரும் அதனால் குருதித்தொற்றும் மூளையுறை அழற்சியும் மூட்டழற்சியும் கொண்டு வந்தனர். உணவுவழிப் பரவும் கிருமியாக அது அதற்குமுன் அறியப்பட்டதன்று. நோயாளிகளைக் கேட்டபோது, கஞ்சியோடு பரிமாறப்படும் பச்சை மீனை உண்டதாகப் பலர் கூறினர். அம்மீன்கள் சொங் என்னும் பெருந்தலைக் கெண்டையும், தோமான் என்னும் விரால் இனத்து மீனும் ஆகும்; இரண்டும் நன்னீர் மீன்கள்.

கிருமிகளைப் படித்தபோது அவை 'எஸ்டி283' என்னும் ஒரே வரிசை வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. பின்னர் வெளிவந்த விரிவான ஆய்வு இவ்வகையால் தாக்குண்ட 146 நோயாளிகளைப் பதிவுசெய்தது. மீனில் கிடைத்த கிருமிகளும் மனிதரிடம் கிடைத்தவையும் கால்வழி மரத்தில் ஒரே கிளையில் கலந்து நின்றன. ஜூலையில் அதிகாரிகள் எச்சரித்தனர்; டிசம்பர் 5ஆம் நாள் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்குத் தடை வந்தது. கடைக்காரர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த ஒரு பதார்த்தத்தைக் கைவிட நேர்ந்தது. அது எளிய முடிவன்று; எனினும் ஊகத்தின்மேல் எடுத்த முடிவும் அன்று.

கதை அத்தோடு முடியவில்லை. பின்னர்ச் சேமிப்பிலிருந்த பழைய கிருமிகளைப் படித்தபோது, தாய்லாந்து, லாவோஸ் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளில் மனிதரிடமும் பண்ணைத் திலாப்பியா மீனிலும் இதே வகை இருந்தமை தெரியவந்தது. சிங்கப்பூரில் புதுமையாகத் தோன்றியது வட்டாரத்தில் முன்பே வழங்கியதுதான். படிப்பார் இல்லாத ஏடாக அது கிடந்தது.

9. முறையின் எல்லைகள்

மாணவர்கள் ஒரு முறையைப் போற்றுவதற்குமுன் அதன் எல்லையை அறிய வேண்டும். இம்முறைக்கு மூன்று எல்லைகளைக் குறிப்பிடுகின்றேன்.

முதலாவது கடன். மொழிகள் சொற்களைக் கடன் வாங்குவதுபோலப் பாக்டீரியாக்கள் மரபணுக்களைக் கடன் வாங்குகின்றன. தமிழில் 'மேசை' என்ற சொல் இருப்பதால் தமிழும் போர்த்துகீசியமும் உடன்பிறந்தவை ஆகா. கடன்சொற்களை நீக்கிவிட்டு அடிப்படைச் சொற்களை ஒப்பிடுவது மொழிநூலார் வழக்கம். அவ்வாறே கிருமி ஆய்வாளரும் கடனாக வந்த பகுதிகளை ஒதுக்கி, அவ்வினத்துக்குப் பொதுவான மையப்பகுதியைக்கொண்டு கால்வழியை வரைகின்றனர். ஒதுக்காவிடில் மரம் பொய்சொல்லும்.

இரண்டாவது திசை. இரண்டு கிருமிகள் நெருங்கிய உறவினர் என்று எழுத்து சொல்லும். எது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை அது மட்டுமே உறுதிப்படுத்தாது. ஆலையிலிருந்து கடைக்குச் சென்றதா, இரண்டும் வேறொரு பண்ணையிலிருந்து பெற்றனவா என்பதைச் சரக்குப் பதிவேடும் நேர்காணலுமே தீர்க்கும்.

மூன்றாவது மூலப்படி. இப்போது மருத்துவமனைகளில் கிருமியை வளர்க்காமலேயே சில மணி நேரத்தில் நோயை அறியும் விரைவுச் சோதனைகள் பெருகியுள்ளன. நோயாளிக்கு அது நன்மை. ஆனால் வளர்த்த கிருமி இல்லையேல் முழுமையாகப் படிப்பதற்கு ஏடு இல்லை. ஆதலால் விரைவுச் சோதனையில் நோய் உறுதிப்பட்ட மாதிரியையும் ஆய்வகத்துக்கு அனுப்பி வளர்க்கச் செய்தல் வேண்டும்.

10. நாம் செய்யக்கூடியது

இவ்வரலாற்றில் நம் போன்ற மொழித்துறையாருக்கும் ஒரு பணி உண்டு. ஸ்நோ காலம் முதல் இன்றுவரை, நோயின் மூலம் கண்ட ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் நோயாளியிடம் அமர்ந்து, என்ன உண்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கின்றார். கேட்கும் மொழி நோயாளியின் மொழியாக இருந்தால்தான் விடை சரியாக வரும். ஒரு பாட்டியிடம் 'தயார்நிலை உணவு உண்டீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார். 'கடையில் வாங்கி அப்படியே சாப்பிட்டது ஏதாவது உண்டா' என்று கேட்டால் நேற்று வாங்கிய துவையலையும் முந்தாநாள் வெட்டி வைத்திருந்த பப்பாளியையும் சொல்வார். நாட்டு வழக்கில் என்ன சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அறிந்த தமிழாசிரியர்கள் இத்தகைய வினாப்பட்டியல்களைத் திருத்த முன்வரலாம். அறிவியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் அவற்றை எழுதவே முன்வரலாம்.

செய்தி எழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள். நிகழ்வு நடந்த அன்றே கடையின் பெயரையோ சமைத்தவரின் பெயரையோ 'நச்சுணவு' என்னும் சொல்லோடு சேர்த்து எழுதுவதற்குமுன், 'ஐயுறப்படுகின்றது' என்பதற்கும் 'உறுதிப்பட்டது' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள். அத்தொலைவை ஆய்வகம் சில நாளில் கடந்துவிடும். அதுவரை மொழி பொறுத்திருக்கலாம்.

எங்கள் தோட்டத்துச் சமையற்காரர் எங்கே சென்றார், எப்படி வாழ்ந்தார் என்று எனக்குத் தெரியாது. அன்று மிஞ்சிய தயிர்ச்சோற்றில் ஒரு கரண்டியும், தொட்டித் தண்ணீரில் ஒரு குவளையும், பலகாரத்தில் ஒரு துண்டும் எடுத்து வைக்கப்பட்டிருந்தால், ஒருவேளை அவர்தாம் காரணம் என்றே தெரிந்திருக்கலாம். அப்போதும் எங்கே பிசகினோம் என்று அறிந்து அடுத்த விருந்தை ஒழுங்காகச் சமைத்திருப்பார். காரணம் அவரல்லர் என்று தெரிந்திருந்தால் ஊரைவிட்டுப் போயிருக்க மாட்டார். இரண்டில் எதுவாயினும், தெரியாமல் போனதைவிட அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.